சுவருக்குள் அடைத்த பஞ்சு

முதல் தட்டல் மதியம் மூன்று மணிக்குக் கேட்டது. கேட்கவே கூடாத சுவர் அது. இரண்டு அடுக்குப் பலகை, நடுவே கெட்டிப் பஞ்சு.

மார்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். டுலூத்தில் பனி கொட்டும் நாளில் தெருவில் ஈ காக்கை இருக்காது. அடித்தளத்தில் இரையும் கணப்பும், காயப்போட்ட கம்பளிக் காலுறைகளின் ஈர வாடையும், அவற்றுக்கு நடுவே அவசரமே இல்லாமல் அந்தத் தட்டலும்தான். டொக். டொக்.

அந்தப் பக்கம் அவள் கணவன் ஐனாரின் அறை. பக்கவாதத்தில் பேச்சு போனபின் எது வேண்டுமானாலும் சுவரில் தட்டித்தான் கேட்பான். பதினான்கு மாதம் கண்ணோடு கண் மூடாதவள், கடைசியில் பக்கத்து வீட்டுத் தச்சன் கோர்டியைக் கூப்பிட்டுச் சுவருக்குள் பஞ்சு அடைக்கச் சொன்னாள்.

“இனி இடி விழுந்தாலும் உங்களுக்குக் கேக்காதுக்கா,” என்று சிரித்தான் கோர்டி. “ஆனா அந்த சூட்டுக்காத்துக் குழாய மட்டும் அடைச்சிடாதீங்க, அண்ணன் ரூமுக்குச் சூடு அது வழியாத்தான் போகுது. அதுல கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும், பொறுத்துக்குங்க.”

வந்தது. முனகல், விடிய விடிய. போன மாதம், ஒரே ஒரு ராத்திரி என்று, ஐனாரின் அறைக்குப் போய்க் குழாய் வாயில் பழைய போர்வையைத் திணித்தாள். அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். பாவி, எப்படித் தூங்கினாள்! விடிந்தபோது அவன் ஜன்னலின் உள்பக்கம் பனி உறைந்திருந்தது; கட்டிலில் அவனும் விறைத்துக் கிடந்தான். போர்வையை உருவி எடுத்து எரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

டொக்.

“கேக்குது ஐனார்! இப்ப கேக்குது!”

சுத்தியல் எடுத்து வந்து தன் பக்கத்துப் பலகையை உடைத்தாள். தொண்டை அரிக்க அரிக்கப் பஞ்சைப் பிடுங்கினாள். கையோடு வந்த பலகைத் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பஞ்சை ஒட்டியிருந்த உட்புறமெல்லாம் விரல்முட்டி பதிந்த குழிகள். எந்தக் கையும் எட்ட முடியாத இடம்.

அழுதாள். ஓடவில்லை. பொந்துக்குள் தோள்வரை கையை விட்டாள்.

விரல்கள். ஜில்லென்று. அவள் கையைப் பற்றிக்கொண்டன.

“வந்துட்டேன் ஐனார். வந்துட்டேன். போதும்.”

பிடி இறுகியது. அவன் இன்னொரு கை நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது, அவள் இன்னும் வரவில்லை என்பதுபோல.