ஆள் உள்ளே

மாப்பிள்ளை செத்த இடத்திலேயே எனக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவன் பை மாட்டியிருந்த ஆணியைக் காட்டி, "இதுலயே மாட்டிக்கய்யா, சும்மாதான கிடக்கு" என்றார் சூப்பர்வைசர். என் தங்கச்சி புருஷன் மாட்டிய ஆணி. நான் பையைக் கீழே வைத்தேன்.

அது ஜன்னல் இல்லாத கூடம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே பிணவறைக் குளிர். ஆள் உயரத்துக்கு இரும்புச் சட்டங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றில் அடுக்கிய மிஷின்கள் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். காற்றாடிகளின் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது. மழை எங்கே பெய்யும், எந்த மருந்து எந்த நோயைப் பிடிக்கும் என்று எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் படித்தவர்கள் கணக்கு அனுப்புவார்கள். இந்த மிஷின்கள் ஓயாமல் கணக்குப் போடும். மிஷின்களைத் தூக்குவதும் இறக்குவதும் கம்பி இழுப்பதும் என் போன்றவர்கள் வேலை. பின்பக்கச் சந்துக்குள் ஒருக்களித்துப் புகுந்து கரண்ட் வேலை பார்ப்பது மாப்பிள்ளையின் வேலையாக இருந்தது.

உள்ளே புகுமுன் கம்ப்யூட்டரில் அந்த மிஷின் பேரில் ஒரு குறி போடவேண்டும். குறி இருக்கும்வரை அதற்கு வேலை வராது. வேலை இல்லாவிட்டால் கரண்ட் தானாக நின்றுவிடும். வேலை வந்தால் தானாக வந்துவிடும். குறிக்குப் பக்கத்தில் காரணம் எழுதலாம். மற்றவர்கள் ஏதோ இங்கிலீஷில் எழுதுவார்கள். மாப்பிள்ளை தமிழில் அடிப்பான்: ஆள் உள்ளே.

ஆள் உள்ளே இருக்கும்போது கரண்ட் வராமல் பூட்டிவைக்கச் சுவிட்சுக்கு ஒரு பூட்டும் இருந்தது. அது உடைந்து வெகுநாளாகிறது. "வாங்கிடலாம், வாங்கிடலாம்" என்று சொல்லியே சூப்பர்வைசர் காலத்தை ஓட்டினார்.

அன்றைக்குப் பதினேழாம் மிஷினுக்குப் பின்னால் அவன் கம்பியில் கை வைத்திருக்கும்போது குறி போய்விட்டது. வேலை வந்தது. கரண்ட் வந்தது.

"அவன் குறி போட மறந்திருப்பான். இல்லன்னா மிஷினுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கற அந்த மென்பொருளே எடுத்திருக்கும். அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார் சூப்பர்வைசர். மென்பொருளுக்குப் பாவம் பார்த்த மனுஷன் என் மாப்பிள்ளைக்குப் பார்க்கவில்லை. யார் எடுத்தது என்று காட்டும் பதிவும் அன்றைக்கே அழிந்துவிட்டதாம். விசாரணைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். அவர்களிடமும் இதையேதான் சொல்லப்போகிறார்.

தங்கச்சி அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம்தான்.

"அவரா மறந்தாரு? கேஸ் மூடினதையே மூணு தடவை போய்ப் பாத்துட்டு வர்ற மனுஷன்ணா அவரு!"

எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேல். அதற்குமுன் கைநாட்டு. தங்கச்சி பள்ளிப் படிப்பை முடித்தவள். அந்த மென்பொருள் விலை கொடுத்து வாங்குவது இல்லையாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து எலும்பு வரைக்கும் படிக்கலாமாம். மாப்பிள்ளையின் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவள் வரி வரியாகப் படித்துச் சொல்ல, நான் தரையில் கரண்டிகளை அடுக்கிப் புரிந்துகொண்டேன்.

"கணக்கு அனுப்பறவங்க நேரா மிஷின்கிட்ட போக முடியாதுண்ணா. வாசல்ல ஒரு கம்ப்யூட்டர். எத்தனை மிஷின் வேணும், எவ்வளவு நேரம் வேணும்னு எழுதி அதுகிட்ட சீட்டு குடுக்கணும்."

"காலைல கூலிக்கு ஆள் எடுக்கற முக்கு மாதிரியா?"

"அதேதான். நடுவுல ஒருத்தன், அதான் இந்த மென்பொருள், சீட்டையெல்லாம் வரிசைல வச்சு, எந்த மிஷின் சும்மா இருக்குன்னு பாத்து அனுப்புவான்."

"மேஸ்திரி."

"ஆமா, மேஸ்திரி. நிறைய வேலை வாங்கிட்டவன் அடுத்த தடவை பின்னால போயிடணும். அதுக்கும் கணக்கு வச்சிருக்கான்."

"அப்போ நான் பாத்த மேஸ்திரிங்கள விட யோக்கியன்தான்."

மாப்பிள்ளை செத்தபிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஒவ்வொரு மிஷினுக்குள்ளும் ஒரு கங்காணி உட்கார்ந்திருக்கிறானாம். மேஸ்திரி அவ்வப்போது 'இருக்கியா?' என்று கேட்பானாம். கங்காணி 'இருக்கேன்' என்று சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் மேஸ்திரியே ஒரு குறி போடுவான். மறுபடி பதில் வந்தால் அவனே எடுத்தும் விடுவான்.

"பாத்தியா. மேஸ்திரி எடுப்பான்னுதான சூப்பர்வைசரும் சொல்றாரு" என்றேன்.

"இருண்ணா." அவள் விரல் ஒரு வரியில் நின்றது. உதடு அசைய இரண்டாம் தடவை படித்தாள். "அவன் போட்ட குறியத்தான் அவன் எடுப்பான். மனுஷன் போட்ட குறிய மனுஷன்தான் எடுக்கணும். மேஸ்திரி தொடக்கூட மாட்டான்."

என் கையிலிருந்த கரண்டி வளைந்து போயிருந்தது.

"யார் வேணா படிக்கலாம்னுதான் வச்சிருக்காங்க. நாம படிக்க மாட்டோம்னு அந்த சூப்பர்வைசர் நெனச்சிட்டாரு" என்றாள்.

பதினேழாம் மிஷினைப் பழுது பார்த்துத் திரும்ப ஓடவிட்டார்கள். உச்சி வேளையில் நின்றது. திரையில் பார்த்தால் குறி விழுந்திருந்தது.

ஆள் உள்ளே.

யாரும் போடவில்லை. எடுத்தார்கள். திரும்ப விழுந்தது. சூப்பர்வைசர் நேரே என்னிடம் வந்தார்.

"உன் வேலையா இது?"

"நான் தூக்கறவன் சார். கம்ப்யூட்டர் பக்கமே போகல."

"குடும்பத்துக்கே இந்த மிஷின்கிட்டதான் விளையாட்டா?"

அடித்திருப்பேன். கையில் பாரம் இருந்தது, அவர் தப்பித்தார்.

அடுத்து வந்த எலக்ட்ரீஷியன் சந்துக்குள் பாதி புகுந்துவிட்டு வெளியே வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. "உள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்காருய்யா. மூச்சு விடறாரு" என்றான். பையை எடுத்தவன் திரும்பி வரவே இல்லை.

அன்று மத்தியானம் நான் மட்டும் அந்தச் சட்டத்தருகே போனேன். பொசுங்கின முடியின் வாசனை அடித்தது. அத்தனை குளிரிலும் அந்தச் சந்திலிருந்து மட்டும் காற்று வெதுவெதுப்பாக வந்தது.

இரைச்சலில் குரல் எடுபடாது என்று மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியிலிருந்து யாராவது 'இருக்கியா?' என்று தட்டினால், உள்ளேயிருந்து ஸ்குரூடிரைவரால் இரண்டு தட்டு தட்டுவான். வீட்டில் குளிக்கும்போது கூப்பிட்டாலும் வாளியில் இரண்டு தட்டுதான். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று தங்கச்சி திட்டுவாள்.

நான் சட்டத்தில் கை வைத்தேன்.

"மாப்பிள்ளை, இருக்கியா?"

டக். டக்.

ஓடவில்லை. பயந்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. கொன்றவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறான். செத்தவன் இன்னமும் இந்தச் சந்தில் வேலை பார்க்கிறான்.

விசாரணைக்காரர்கள் வருவதற்குள் பதினேழு ஓடியாகவேண்டும் என்று சூப்பர்வைசருக்கு வெறி. பின்னால் கம்பியில்தான் கோளாறு என்றார். உள்ளே போய்ப் பார்க்க ஒருத்தனும் ஒப்பவில்லை.

"பேயாவது மண்ணாவது! நானே போறேன்." சட்டைக் கையை மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ இங்க உக்காரு. நான் வெளிய வந்து சொன்னதும் இந்த வரிய அப்படியே அடி. எழுத்துக் கூட்டவாவது தெரியும்ல?"

"தெரியும் சார்."

குறியை எடுக்கிற வரி அது. அந்த அர்த்தமும் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

திரையில் குறி இருந்தது. அவர் ஒருக்களித்துப் புகுந்தார். முதுகு மறைந்தது, செருப்பும் மறைந்தது. அவர் சட்டையில் மாட்டியிருந்த மைக் வழியே, மேசை மேலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் அவர் குரல் கரகரத்தது.

"நான் சொல்லாம எடுத்துடாத. கம்பி திறந்திருக்கு. அன்னிக்கு மாதிரி, வந்துட்டான்னு நெனச்சு எடுத்து..."

குரல் நின்றது.

"என்ன சார் சொன்னீங்க?" என்று மேசை மைக்கில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. வேலையப் பாரு."

அவ்வளவுதான். ஒரு மனுஷன் செத்ததற்கு அவரிடமிருந்த மொத்தப் பதிலும் அதுதான். ஒண்ணும் இல்ல, வேலையப் பாரு. தங்கச்சி வெறுந்தரையில் படுத்திருப்பது கண்ணுக்குள் வந்தது. அந்த ஆணி வந்தது. என் விரல் எழுத்துகளைத் தேடியது. நாற்பதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. ஒவ்வொன்றாக, தப்பில்லாமல் அடித்தேன்.

குறி போயிற்று.

உடனே வந்தது.

ஆள் உள்ளே.

மறுபடி அடித்தேன். போனது. வந்தது. விசைகள் பனிக்கட்டிபோல் ஜில்லிட்டன. பொசுங்கின வாசனை என் தோளுக்குப் பின்னாலேயே வந்து நின்றது. காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள்.

"தள்ளு மாப்பிள்ளை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "உன்ன எரிச்சவன்டா அவன். தள்ளு!"

மூன்றாம் தடவை அடித்தேன்.

பதினேழாம் மிஷினின் பச்சைக் கண் திறந்தது. காற்றாடி உறுமி எழுந்தது. ஒலிபெருக்கியில் சூப்பர்வைசர் அலறினார்.

அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. பச்சைக் கண் அணைந்தது. திரையில் நான் தொடாமலே எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவசரமே இல்லாமல், மாப்பிள்ளை எப்போதும் அடிக்கிற மாதிரி.

ஆள் உள்ளே.

சூப்பர்வைசர் தவழ்ந்து வெளியே வந்தார். உயிரோடுதான் வந்தார். வலது மணிக்கட்டில் நாலு விரலும் ஒரு கட்டை விரலும் பிடித்த தடம், சூடு போட்டது போலச் சிவந்திருந்தது.

"யாரோ என் கையப் புடிச்சு இழுத்தாங்க" என்று முனகினார். "கம்பியத் தொட இருந்தேன். இழுத்துட்டாங்க. உள்ள... உள்ள யாரு?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

அவர் திரும்பி அந்தச் சந்துக்குள் பார்த்தார்.

"நான்தான் குறிய எடுத்தேன். மூணு தடவை எடுத்தேன். என் மாப்பிள்ளை விடல. அதான் நீங்க உக்காந்திருக்கீங்க. போய் சொல்லுங்க. என்னப் பத்தியும் சொல்லுங்க. அன்னிக்கு யார் எடுத்ததுன்னும் சொல்லுங்க."

விசாரணைக்காரர்கள் கேட்கும்முன்பே அவர் சொல்லிவிட்டார். யாரோ ஒரு பெரிய மனுஷனின் கணக்கு அவசரம் என்று நெருக்கினார்களாம். ஆள் வந்துவிட்டான் என்று நினைத்தாராம். எட்டிப் பார்க்கவில்லையாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசும்போதெல்லாம் மணிக்கட்டைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டே இருந்தார். அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். புதுப் பூட்டு வந்தது. ஒரு பூட்டு வாங்க ஒரு உயிர் போகவேண்டியிருந்தது.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவனக் காப்பாத்தினாரா?" என்றாள். "அவனயா?" கையில் கிடைத்த டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு, "இல்லண்ணா. உன்னத்தான்" என்றாள்.

பதினேழாம் மிஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். நானே தூக்கினேன். கம்பியெல்லாம் உருவியாகிவிட்டது. அந்த இடம் இப்போது வெறும் ஓட்டை. ஆனால் திரைப் பட்டியலில் பதினேழு இன்னமும் இருக்கிறது. பக்கத்தில் அந்தக் குறியும் இருக்கிறது. "பேரை நீக்க மறந்திருப்பாங்க" என்கிறார் புது சூப்பர்வைசர்.

"மறந்தாலும் மிஷினே இல்லையேண்ணா. மேஸ்திரி கேட்டா பதிலே வரக்கூடாது. செத்துடுச்சுன்னுதான் காட்டணும்" என்றாள் தங்கச்சி.

அங்கே செத்துவிட்டதாகக் காட்டவில்லை. மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் யாரோ 'இருக்கேன்' என்று சொல்கிறார்கள்.

இன்று உச்சி வேளையில் அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெதுவெதுப்புதான்.

"போதும் மாப்பிள்ளை. அவன் ஒத்துக்கிட்டான். வெளிய வந்துடு" என்றேன்.

கையை இன்னும் உள்ளே நீட்டினேன்.

"இருக்கியா?"

இரண்டு தட்டு. இரும்பில் அல்ல, என் உள்ளங்கையில்.