செட்டியாரின் சக்கர வீடு

வண்டிப் பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போட்ட கையோடு, "நானும் மாவ்பி வரைக்கும் வர்றேன் தம்பி. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்று நாச்சாள் ஆச்சி டாக்ஸியில் ஏறிக்கொண்டார். லூர்து பையில் இருந்த ஜெபமாலையைத் தேடினார். ஆச்சியின் கணவர் பெத்தபெருமாள் செட்டியார் போன மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நகரத்துக்கு வெளியே, மாவ்பியில் ஒரு கொய்யாத் தோட்டத்து மூலையில் அந்தச் சக்கர வீடு நின்றது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற வகை. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மடக்கு மேசை, அதன் இருபுறமும் பெஞ்சு. ஒரு சுற்றுலாக் கம்பெனி மூடியபோது செட்டியார் ஆசைப்பட்டு வாங்கியது. குத்தகைக்கு இருந்துவிட்டு, காலம் முடிந்ததும் மீதியைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று லூர்துவிடம் பேசியிருந்தார். மனைவி ரெபேக்கா இறந்த கையோடு நகரத்துக்குள் பபேடான் பேட்டையில் இருந்த மாடி அறையை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னதில், ஒரே பெட்டியோடு வந்த மனிதர் லூர்து. இனி யாரும் தன்னைக் கிளம்பச் சொல்லக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் மிச்சத்தைக் கட்டி, இன்று பேரையும் மாற்றியாயிற்று.

செட்டியார் இறந்ததும் இதற்குள்தான். அரட்டைக்கு வந்தவர், லூர்து தேநீர் போட்டுத் திரும்புவதற்குள் எதிர் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். அன்று முதல் சாயங்காலமானால் அந்தப் பெஞ்சு கிறீச்சிடும். திருநீறும் சுருட்டும் கலந்த வாசம் வரும். லூர்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

ஆச்சி படியேறவில்லை. வாசலிலேயே நின்று, அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுவது போல இயல்பாகப் பேசினார்.

"இந்தாங்க, இதை வித்தாச்சு. இனி இது லூர்து தம்பி வீடு. உங்களுக்கு இங்க ஒண்ணுமில்ல. கிளம்புங்க."

குரல் கடைசியில் உடைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செத்தவங்ககிட்ட இப்படிச் சொல்லி அனுப்புறது பர்மாக்காரங்க வழக்கம் தம்பி. இங்கயே பொறந்து வளந்த நமக்கும் அதான். சொன்னாத்தான் போவாங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க, சாப்பிட உக்காருறப்ப யாரையும் கூப்புடாதீங்க. உசுரோட இருந்தப்பவே சோத்துக்குக் கூப்பிட்டு உக்கார வச்சா லேசுல எந்திரிக்காத மனுஷன்."

லூர்து சிரித்துவிட்டார். ஆச்சியும் சிரித்தார்.

அன்று சாயங்காலம் பெஞ்சு கிறீச்சிடவில்லை. வாசமும் இல்லை. தகரக் கூரையில் மழைத்தூறல் மட்டும். மறுநாளும் அப்படியே. அப்பாடா என்று இருக்க வேண்டியவர், எதிர் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பபேடான் மருந்துக் கடையில் நாளெல்லாம் ஆட்களோடு நின்றுவிட்டு, இங்கே வந்து கதவைச் சாத்தினால் தன் மூச்சு தனக்கே கேட்கிறது. பயமாக இருந்தாலும் இதுவரை எதிரே ஒருவர் இருந்தார். இப்போது அதுவும் போயிற்று. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரெபேக்கா இல்லாமல் சாப்பிடக் கற்றுக்கொள்ள அவரால் இன்றுவரை முடியவில்லை.

தட்டைப் பார்த்தபடியே இருந்தவரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வாங்களேன், சாப்பிடலாம்."

மழை நின்றது.

எதிர் பெஞ்சு மெல்லக் கிறீச்சிட்டது.

ஆச்சி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எழுந்துபோய் இன்னொரு தட்டு எடுத்து வைத்தார். அடுத்தடுத்த நாட்களிலும் வைத்தார். கடையில் நடந்ததையெல்லாம் எதிரே பார்த்துப் பேசினார். சோறு குறையவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் சாமான்கள் இடம் மாறத் தொடங்கின. ரெபேக்காவின் படம் சுவரிலிருந்து இறங்கி அவருடைய பெட்டிக்குள் இருந்தது. துவைத்த சட்டைகளும் மடித்தபடி பெட்டிக்குள் இருந்தன. தானே மறதியில் வைத்திருப்போம் என்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தார்.

ஒரு நாள் கடையிலிருந்து திரும்பும்போது ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது.

உள்ளே பூண்டு வதங்கும் வாசம்.

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சாவி அவர் பையில்தான் இருந்தது.

லூர்து தன் வீட்டுக் கதவைத் தட்டினார். தட்டிய பிறகுதான், தான் செய்தது அவருக்கே உறைத்தது.

தாழ் விலகியது.

"வாங்க லூர்து" என்றது ஒரு குரல், காதோரமாக. "சாப்பிடலாம் வாங்க."

உள்ளே யாரும் இல்லை. மேசையில் ஒரே ஒரு தட்டு. அது செட்டியார் சாய்ந்த பெஞ்சின் பக்கம் இருந்தது. சோற்றில் ஆவி பறந்தது. ஓடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. ஓடி எங்கே போவது? அவரை இப்படிச் சாப்பிடக் கூப்பிட்டு ஒரு குரல் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! கண்ணில் நீர் முட்டியது. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். உப்பு, உறைப்பு எல்லாம் அளவாக இருந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

வழக்கமாக அவர் உட்காரும் பெஞ்சு எதிரே கிறீச்சிட்டது. சுருட்டு வாசம் முகத்தில் அடித்தது.

"நல்லாச் சாப்பிட்டீங்களா?"

லூர்து தலையாட்டினார்.

கட்டிலடியில் இருந்த அவருடைய பெட்டி, தரையை உரசிக்கொண்டு, மெதுவாகக் கதவை நோக்கி நகர்ந்தது.

"அப்ப," என்றது குரல், மிக மரியாதையாக, "எப்பக் கிளம்புறீங்க?"