வீராயிக்கு எத்தனை பகடை?

பாம்புக்கட்ட விளையாட்டு அட்டையைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு பகடை. வேறு வீடாக இருந்தால் அதையும் குப்பையில் போட்டிருப்பார்கள். திண்டிவனத்தில், செண்பகத்தின் வீட்டில், அந்த ஒற்றைப் பகடையை வைத்தே ஒரு விளையாட்டு பிறந்துவிட்டது.

அதற்கு அட்டையும் வேண்டாம், காயும் வேண்டாம். செண்பகம் கதை சொல்வாள். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். "எதுர்ல பூதம் நிக்குது. இன்னா பண்றே?" என்று அவள் கேட்பாள். அடிக்கிறேன் என்றால் பகடையை ஒரு முறை உருட்ட வேண்டும். பூதத்தின் உயிர் புளியங்கொட்டைகளாகத் தரையில் இருக்கும். பகடையில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு கொட்டைகளை எடுத்துவிடலாம். எல்லாம் தீர்ந்தால் பூதம் காலி.

அன்று அரையாண்டு லீவின் கடைசி நாள். செண்பகத்தின் அம்மா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் கூடத்தில் கொட்டி, "வெளையாடிக்கினே உரிச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போயிருந்தாள். பருப்பை அளக்க ஒரு உழக்கும், அதைவிடச் சின்னதாக ஒரு ஆழாக்கும் பக்கத்தில் கிடந்தன. உரித்ததில் பாதி செண்பகத்தின் தம்பி கண்ணையனின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் கிருஷ்ணவேணி ஒரு பருப்பைக்கூடத் தொடவில்லை. கதையில் அவள் வேடமான வீராயி பூதத்தின் கைப்பிடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணவேணி ஒரு காலத்தில் செண்பகத்தின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலானதும் குடும்பமே போய்விட்டது. இப்போது லீவுக்கு மட்டும் அத்தை வீட்டுக்கு வருவாள். கதாயுதம் ஏந்திய வீராயியை ஒவ்வொரு லீவாக வளர்த்துக்கொண்டு வந்தவள் அவள்தான். இன்று சாயங்கால வண்டிக்கு அவளைக் கூட்டிப் போக அப்பா வந்துவிடுவார்.

"பூதத்துக்கு இன்னும் பதிமூணு கொட்டை இருக்கு. இந்த அடியில அது சாகலைன்னா வீராயிய முழுங்கிடும்" என்றாள் செண்பகம்.

"சாவும்! வீராயி வளர்ற மருந்து குடிச்சிருக்கா, பனை உசரம் ஆயிட்டா. அதுக்கு ஒரு பகடை அதிகம். அதுக்கு மேல கண்ணையன் வளர்ற மந்திரம் போட்டான். அதுக்கு இன்னொண்ணு. மொத்தம் மூணு தடவை உருட்டுவேன்" என்று பகடையை எடுத்தாள் கிருஷ்ணவேணி.

"வை கீழ" என்றான் அந்தோணிசாமி.

அவன் அடுத்த தெருப் பையன். அதிகம் பேசமாட்டான். அன்று அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

"போன லீவுல என் ஆளும் மருந்து குடிச்சான், மந்திரமும் வாங்கினான். ரெண்டுக்கும் சேர்த்து ஒரு பகடைதான் அதிகம்னு நீதானே சொன்னே செண்பகம்? என் ஆளைப் பூதம் முழுங்கிச்சு. எனக்கு ஒரு ஞாயம், உன் பிரண்டுக்கு ஒரு ஞாயமா?"

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மருந்து, மந்திரம் இரண்டையும் சேர்த்து எண்ணக்கூடாது என்றால் வீராயிக்கு இரண்டு பகடைதான். இரண்டிலும் ஆறு விழுந்தால்கூடப் பன்னிரண்டு. பூதம் பிழைத்துக்கொள்ளும்.

"நீ மூணுன்னு சொல்லலைன்னா நான் இனிமே லீவுக்கே வரமாட்டேன்" என்றாள் கிருஷ்ணவேணி. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"மூணுன்னு சொன்னா நான் இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்றான் அந்தோணிசாமி.

"பேஜாரு" என்றான் கண்ணையன், வாய் நிறையப் பருப்போடு.

செண்பகத்துக்கு மூன்று என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் கிருஷ்ணவேணி சிரிப்பாள். ஆனால் அந்தோணிசாமியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம், வேணியின் அப்பா வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தாள்.

கண்ணையனுக்கு எந்தக் கவலையும் இல்லை. தெருவில் மல்லாட்டை விற்கிறவர்கள் அளப்பதைப் போல உழக்கில் பருப்பைக் கோபுரமாகக் குவித்து விளையாடினான். குவித்ததன் மேல் இன்னொரு கை போட்டான். எல்லாம் சரிந்து தரையில் ஓடியது. மறுபடி போட்டான். மறுபடியும் சரிந்தது.

செண்பகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று உழக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"வேணி, இதான் வீராயி உடம்பு. நீயே கோபுரமா குவி."

கிருஷ்ணவேணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குவித்தாள்.

"அது மருந்து. இப்ப மந்திரத்தையும் மேல போடு."

போட்டாள். சரிந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துப் பார்த்தாள். கையை எடுத்ததும் சரிந்தது.

"ரெண்டும் உடம்பை வளர்க்கறதுதான். ஒரு கோபுரத்து மேல இன்னொரு கோபுரம் நிக்காது வேணி. அன்னைக்கு அந்தோணிக்கும் நிக்கலை. உனக்கு ரெண்டு பகடைதான்." செண்பகம் அவள் தோளைத் தொட்டாள். "எனக்கும் வீராயின்னா ரொம்பப் புடிக்கும்டீ."

கிருஷ்ணவேணி குனிந்து தரையைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது செண்பகத்துக்கு.

அந்தோணிசாமி ஜெயித்துவிட்டான். ஆனால் ஜெயித்தவன் மாதிரி அவன் முகம் இல்லை. உழக்கையே உற்றுப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"உழக்கு உடம்புன்னா, கதாயுதம் எது?"

செண்பகம் ஆழாக்கை எடுத்து உழக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அதுல கோபுரம் வெச்சா நிக்குமா?"

செண்பகம் குவித்தாள். ஆழாக்கின் கோபுரம் அசையாமல் நின்றது. உழக்கின் கோபுரமும் அதன்பாட்டுக்கு நின்றது.

"நிக்குது! உடம்பு வேற, ஆயுதம் வேற. ரெண்டையும் சேர்த்துக்கலாம்!" என்றாள் செண்பகம்.

அந்தோணிசாமியின் இந்த லீவு வேடம் மந்திரவாதி. அவனிடம் ஒரே ஒரு மந்திரம்தான் உண்டு. எந்த ஆயுதத்தையும் பாறை போலக் கனக்க வைத்து ஒரு பகடையைக் கூட்டும். ஒரே ஒரு முறைதான் பலிக்கும். கோட்டை வாசலில் பெரிய பூதம் வரும்போது போட வேண்டும் என்று, லீவு முழுவதும் யார் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தான்.

"வீராயி கதாயுதத்துக்குப் போடறேன்" என்றான்.

"நெசமாவா?" என்றாள் கிருஷ்ணவேணி.

"ஜல்தி உருட்டு. உங்க அப்பா வந்துடப் போறாரு."

முதல் பகடை ஆறு. கண்ணையன் துள்ளினான். இரண்டாவது மூன்று. துள்ளியவன் உட்கார்ந்துவிட்டான். இன்னும் நாலு கொட்டை பாக்கி.

கிருஷ்ணவேணி பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு அதை அந்தோணிசாமியிடம் நீட்டினாள்.

"இது உன் மந்திரத்துப் பகடை. நீயே போடு."

அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டான். பகடை உருண்டது, சுவரில் மோதியது, திரும்பி வந்து மல்லாட்டைத் தோல் குவியலுக்குள் புகுந்து மறைந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று செண்பகம் கத்தினாள். மண்டி போட்டு, ஊதி ஊதித் தோல்களை விலக்கினாள். நாலு தலைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

நாலு.

அவர்கள் போட்ட கூச்சலில், வாசலில் வந்து நின்ற கிருஷ்ணவேணியின் அப்பா, வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டது என்று நினைத்துக் குடையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

ரயிலடிக்கு எல்லோருமே போனார்கள். விழுப்புரம் வண்டி நகரத் தொடங்கியதும் கிருஷ்ணவேணி ஜன்னலில் முகத்தை வைத்து உரக்கக் கத்தினாள்:

"முழு ஆண்டு லீவுக்கு வர்றேன்! அடுத்த கதையிலயும் என் பக்கத்துலயே இருக்கணும் நீ, தெரியுதா?"

அவள் கத்தியது செண்பகத்தைப் பார்த்து அல்ல, அந்தோணிசாமியைப் பார்த்து. செண்பகத்துக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.