ஆஸ்பத்திரி தாண்டியதும்

அரசு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் காருக்குள் அந்த மணி அடித்தது. அதட்டாத, மரியாதையான மணி. திரையில் சிவப்பாக ஓர் ஆள் உருவம் எரிந்தது. பின் சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். சாஜிதா பானு கண்ணாடியில் பார்த்தாள். பின் சீட்டில் யாரும் இல்லை. அவளுடைய கைப்பைகூட முன்னால்தான் கிடந்தது.

கார் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சங்கரன்கோவிலில் சொந்தமாக ரத்தப் பரிசோதனை லேப் வைத்து, வருஷக்கணக்கில் ஸ்கூட்டியிலேயே அலைந்தவள், திருநெல்வேலியில் பழைய கார் ஷோரூமில் இந்தக் கறுப்புக் காரைப் பார்த்தபின் வேறு எதையும் பார்க்கவில்லை. தோல் சீட். கதவைச் சாத்தினால் பஸ் ஹார்ன், தெரு, வெயில் எல்லாம் சட்டென்று அணைந்துபோகும். ஒரே ஆள் ஓட்டின வண்டி மேடம், வாரண்டி இருக்கு, என்ன கோளாறுன்னாலும் நாங்க பாத்துக்கிடுதோம் என்றார்கள்.

பார்க்கவும் செய்தார்கள். சீட்டுக்கு அடியில் போகும் ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி தாண்டியதும் அதே மணி, அதே சிவப்பு உருவம்.

அப்புறம் வாடை வந்தது. வெயிலில் பூட்டிக் கிடந்த காரைத் திறந்து ஏசியைப் போட்டால், முதலில் நசுங்கின எலுமிச்சம்பழத்தின் புளித்த வாடை முகத்தில் அடிக்கும். அது கொஞ்சம் அடங்கியதும் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெதுவாக எழுந்து வரும். ஈர இரும்பு மாதிரி. அது என்ன வாடை என்று சாஜிதாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை; அவள் பிழைப்பே அதில்தான். ஆனாலும் ஏசியைச் சுத்தம் செய்யச் சொல்லி மறுபடி வண்டியை விட்டாள். சவூதியில் தம்மாமிலிருந்து போனில் பேசிய புருஷன் சாதிக் சிரித்தான். "அதான் வாரண்டி இருக்குல்லா. பெறகு ஏன் பயப்படுதே?"

ஒரு சாயங்காலம், அவள் முதுகுக்குப் பின்னால், தோல் சீட்டின் மேல் நகம் இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு இழுப்பு. கொஞ்சம் ஓய்வு. இன்னொரு இழுப்பு, முன்னதைவிடப் பலவீனமாக. வீட்டுக்கு வந்து விளக்கடித்துப் பார்த்தாள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், லேப்பில் ரத்தம் எடுக்கும் சுமதியை வீட்டில் விட்டுவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டாள். தனியாக ஓட்டப் பயந்துதான் கூப்பிட்டாள். சுமதி முன் சீட்டில் கூச்சத்தோடு ஒடுங்கி உட்கார்ந்தாள். வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் விளக்கு மழையில் கரைந்து பின்னால் போனது. மணி அடித்தது. வாடை எழுந்தது. அதன்பிறகு பின் சீட்டிலிருந்து, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குழைந்த, பணிவான ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணாச்சி... ஆஸ்பத்திரி தாண்டிட்டே, அண்ணாச்சி."

சாஜிதாவின் கால் தானாக பிரேக்கில் விழுந்தது. சுமதி கத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அக்கா குரலு, மேடம்," என்றாள்.

சுமதியின் அக்கா இசக்கிசெல்வி, புளியங்குடிப் பக்கம் தோட்டங்களில் எலுமிச்சை பறிக்கப் போகிறவள். போன வருஷம் திருவேங்கடம் ரோட்டோரம் உடைமர முள் புதருக்குள் பிணமாகக் கிடந்தாள். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டது என்பது சாஜிதாவுக்குத் தெரியும். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கவும் போயிருந்தாள். தெரியாததை இப்போது சுமதி சொன்னாள்.

"அவ வேலைக்குப் போனது புளியங்குடிக்கு. கெடந்தது இங்கன. எப்படி இங்க வந்தாள்னு யாரும் கேக்கல. அடிபட்டு ரொம்ப நேரம் உசிரு இருந்திருக்குன்னு டாக்டர் சொன்னாரு. அடிச்சவன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் ஏத்தியிருப்பான் போல. இவளும் நம்பி ஏறியிருக்கா."

மறுநாள் சாஜிதா சர்வீஸ் சென்டரில் பின் சீட்டை முழுசாகக் கழற்றச் சொன்னாள். பொறுப்பாளர் மைதீன் பாட்சா அவளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மேல் தோல் புதுசு. அதற்கடியில் பஞ்சு முழுக்கக் காய்ந்து கறுத்திருந்தது. பஞ்சுக்குள் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் குத்தி நின்றன.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது வாரண்டில வராது, மேடம்."

"யார் வண்டி இது?"

"ராயகிரி மகாராஜன். எலுமிச்சை யாவாரம். முன் பம்பரை இங்கனதான் மாத்தினாரு. மாடு குறுக்க வந்துட்டுன்னாரு. பின் சீட்டை மட்டும் எங்களத் தொட விடல."

லேப்புக்குத் திரும்பி, பார்த்ததையும் கேட்டதையும் சொல்லிவிட்டு சாஜிதா கேட்டாள். "போலீஸுக்குப் போவோமா, சுமதி?"

"போனோமே மேடம். அடையாளம் தெரியாத வாகனம்னு முடிச்சிட்டாங்க. இனி போனாலும் அதத்தான் சொல்லுவாங்க." சுமதி ஊசிகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். "அந்த ஆள இந்தக் கார்ல ஒருக்க ஏத்துங்க. போதும். பெறகு அவ பாத்துக்கிடுவா."

சாஜிதா அன்று முழுக்க யோசித்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலின் பணிவு அவளைத் தூங்கவிடவில்லை. சாகும்போதும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

வண்டியோடு ஒரு சாவிதான் தந்திருக்கிறார்கள், வாரண்டிக்கு ரெண்டாவது சாவியும் வேண்டும் என்று சொல்லி மகாராஜனை வரச்சொன்னாள். இருட்டுகிற நேரத்தில் சாவியோடு வந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, நல்ல சிரிப்பு. காரைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வண்டிம்மா. விக்க மனசே இல்ல."

"ஒரு சத்தம் வருது அண்ணாச்சி. நீங்க ஓட்டினா என்னன்னு தெரிஞ்சிரும்."

லேப் வாசலில் சுமதி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகாராஜன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாஜிதா அவர் பக்கத்தில். ரெண்டாவது சாவி அவள் கைக்குள். தெருமுனையில் அவர் வண்டியை இடது பக்கம் திருப்பப் போனார்.

"நேராப் போங்க அண்ணாச்சி. அங்கன வச்சுத்தான் சத்தம் வருது."

"எங்கன?"

"ஆஸ்பத்திரிகிட்ட."

ஏசி குளிரிலும் அவர் மேலுதட்டில் வியர்வை பொடித்தது. ஆஸ்பத்திரி விளக்கு வந்தது. போனது.

மணி.

வாடை.

"அண்ணாச்சி."

அவர் பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. சாஜிதாவின் பக்கக் கதவு மட்டும் தானாகத் திறந்துகொண்டது. இறங்கச் சொல்வது போல. அவள் இறங்கினாள். கதவு அவளுக்குப் பின்னால் மெத்தென்று சாத்திக்கொண்டது. எல்லாப் பூட்டும் ஒன்றாக விழுந்த சத்தம்.

அவர் கண்ணாடியில் அடித்தார். வாய் திறந்து மூடியது. வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. அத்தனை நல்ல வண்டி.

அவர் சீட்டின் மோட்டார் ஓடத் தொடங்கியது. முதுகு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. அவர் கதவைப் பிடித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். சீட் படுக்கையாகி, அவர் தலை பின் சீட்டின் இருட்டுக்குள் போனது. பிறகு தோள். பிறகு கால்கள், உதைத்தபடி.

சாஜிதாவின் கட்டைவிரல் சாவியில் இருந்தது. ஒரு அழுத்து. பூட்டுத் திறந்துவிடும்.

விரலை எடுத்துவிட்டாள்.

கார் நகர்ந்தது. ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. திருவேங்கடம் ரோட்டுப் பக்கம், அவசரமே இல்லாமல். பின் கண்ணாடி அவளைக் கடந்துபோனபோது மகாராஜனின் முகம் அதில் நசுங்கி ஒட்டியிருந்தது. கண்கள் அவளைப் பார்த்தன. அவர் தலைமுடியை ஒரு கை கோதிவிட்டுக்கொண்டிருந்தது. முள் கிழித்த, மெலிந்த கை. பிள்ளையைத் தூங்க வைப்பது போல. மெதுவாக. மறுபடி மறுபடி.