இரண்டாவது பேசின்

2006 ஜூன் 15, வியாழக்கிழமை

பிழை என்னுடையது. செவ்வாய்க்கிழமை அஞ்சலீனா அன்ரிக்கு வந்த பிரெஞ்சுக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தபோது ஒரு வசனத்தை விட்டுவிட்டேன். கண்ணில் படாமல் போனதல்ல. தங்கம் அரிக்கும் விதத்தை விளக்கும் வசனம்தானே, அன்ரிக்குத் தெரியாததா என்று நானே முடிவெடுத்து விட்டேன். அந்த வசனத்தால் ஒரு நாள் வீணாயிற்று. எனவே நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

செவ்வாய் மாலை நான் பிரெஞ்சு வகுப்புக்குப் புறப்பட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. மேல்மாடி சிவாஜினி அக்காவின் குசினியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். பிறர் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் அவர் தொழில். கதவைத் தட்டிக்கொண்டு அஞ்சலீனா அன்ரி வந்தார். லாசால் பகுதியில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்பவர், மன்னார்க்காரி. மாவு படிந்த சப்பாத்துகூடக் கழற்றவில்லை.

"சிவாஜினி, என்னைக் கள்ளி எண்டு எழுதிப்போட்டாங்கள்."

அன்ரியை எங்கள் கத்தோலிக்கப் பங்கில் தெரியாதவர் இல்லை. இரண்டு வருடமாகக் கோடையில் போஸ் பகுதிக்குப் போய், ஆற்று மணலை அரித்துத் தங்கத்தூள் எடுக்கிறார். விற்பதற்கல்ல, பொழுதுபோக்குக்கு. சென்ற வருடம் மிளகளவு கட்டி ஒன்று கிடைத்தது. அதை மருந்துப் போத்தலில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறார். கேட்டாலும் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

பொதுக்காணி என்பதற்காக யாரும் எப்படியும் தோண்டலாம் என்று இல்லை. கனிமம் தேடும் உரிமையை ஒருவர் அந்த ஆற்றுத்துண்டில் பதிந்து வைத்திருந்தால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்த உரிமைப் பதிவைத்தான் கிளெயிம் என்கிறார்கள். அன்ரி போகும் துண்டின் கிளெயிம்காரர் ஒரு வயதான கெபெக்குவா, பிரெஞ்சு பேசும் உள்ளூர் வெள்ளைக்காரர். அன்ரி வேலை செய்வதைக் கரையில் இருந்து பார்த்துவிட்டு, அன்ரியின் சட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தாராம். தன் தட்டில் ஒரு பக்கம்தான் வரிப்பள்ளம், இதில் சுற்றிவர வரிப்பள்ளம் என்று சிரித்தாராம். அது வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் அரிசிக்குக் கல் நீக்கும் அரிக்கன்சட்டி. அன்றே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஜூன் 24 விடுமுறைக்குப் பங்கு மக்கள் ஐம்பத்திரண்டு பேரை பஸ்ஸில் கூட்டிப்போகவும் அதில் சம்மதம் இருந்தது.

இப்போது அரசாங்க அலுவலகத்திலிருந்து கடிதம். மே 27 சனிக்கிழமை அன்ரி ஆற்றில் மோட்டார் பம்ப் ஓட்டினார் என்று பெயர் போடாத முறைப்பாடு வந்திருக்கிறதாம். அங்கே கைக்கருவி மட்டும்தான், மோட்டார் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அன்ரி பதில் சொல்லவேண்டும். முறைப்பாட்டின் பிரதியும் இணைத்திருந்தார்கள். கிளெயிம்காரருக்கும் அறிவித்துவிட்டார்கள். விஷயம் தெளியும்வரை சம்மதத்தை நிறுத்தி வைப்பதாக அவர் தொலைபேசியில் சொன்னாராம்.

"பஸ் போனாப் போகட்டும்," என்றார் அன்ரி. "அந்த மனுசன் எங்கட சனத்த நம்பிக் கையெழுத்து வைச்சது. இனி ஒரு தமிழாளுக்கு வைக்குமே?"

"அண்டைக்கு உங்களோட ஆர் நிண்டது?"

"என்ர தங்கச்சியும் மகளும். சொந்தக்காரர் சொன்னா ஆர் நம்பப்போறான்?"

அப்போதுதான் நான் முந்திக்கொண்டேன். "நான் தமிழில எழுதித் தாறன் அக்கா. வகுப்புக்கும் பயிற்சி." அக்கா தலையாட்டினார். அடுத்த நாள் அவருக்கு முழுநாள் விசாரணை இருந்தது. என் தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

புதன் மாலை அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"முறைப்பாட்டில கிளெயிம் இலக்கம் இருக்கெண்டு எழுதியிருக்கிறீர். அது சம்மதக் கடிதத்தில மட்டும்தான் இருக்கு. அன்ரி ஆருக்கெல்லாம் பிரதி குடுத்தவா?"

நான் ஏற்கனவே கேட்டு எழுதி வைத்திருந்தேன். மூன்று பேர். பஸ் ஓட்டப்போகும் யோசெப் அண்ணை. சிறுவர்களைப் பார்க்கும் றோசலின் ரீச்சர். ஆறு வருடமாகப் பங்கின் கோடைச் சுற்றுலாவை நடத்திவரும் பேனாட் அங்கிள்.

"இவையில தங்கம் அரிச்சுத் தெரிஞ்சவை?"

"மூண்டு பேரும்தான் அக்கா. யோசெப் அண்ணையும் ரீச்சரும் போன வருசம் அன்ரியோட போனவை. பேனாட் அங்கிள், 'நான் தொண்ணூறுகளிலயே வெள்ளைக்காரரோட நிண்டு அரிச்சனான், இவை இப்பதான் படிக்கினம்' எண்டு சொல்லித் திரியிறார்."

அக்கா என் தாளை மூன்று தரம் வாசித்தார். "இதில எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. பம்ப் ஓட்டினா. சட்டியை ஆட்டினா. வீட்டை கொண்டு போனா. எதைக் கொண்டு போனா? நடுவில ஏதோ இல்லை. றொஷினி, மூலத்தைத் தாரும்."

மூலத்தைக் கொடுத்தேன். அக்கா ஒரு இடத்தில் விரலை வைத்து, விரலை எடுக்காமலே எனக்குத் தமிழில் சொன்னார்:

"'சட்டியைத் தண்ணீரில் ஆட்டினார். பிறகு சரித்து, விளிம்பால் வழிவதை இரண்டாவது பேசின் ஒன்றில் பிடித்தார். அதை வீட்டுக்குக் கொண்டு போனார்.' நடு வசனத்தை ஏன் விட்டனீர்?"

"முக்கியமில்லை எண்டு நினைச்சன் அக்கா."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கோயில் மண்டபத்துக்கு மூண்டு பேரையும் வரச்சொல்லும்," என்றார். "முடக்குக் கடை டெபனரில தூண்டில் ஈயக்குண்டு கொஞ்சம் வாங்கும். மூண்டு அரிக்கன்சட்டி வேணும். பாத்திரம் கழுவிற பேசின் ஒண்டும் கொண்டு வாரும். ஆனா கண்ணில படாமல் வையும்."

இன்று ஐந்து மணிக்குப் பங்கு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் எல்லாரும் வந்துவிட்டார்கள். நிலத்தில் பெரிய தொட்டியில் தண்ணீர். மூன்று சட்டிகளிலும் மணல், ஒவ்வொன்றிலும் நான் சுத்தியலால் நசுக்கிய ஈயத்துண்டுகள் ஐந்து. அஞ்சலீனா அன்ரி சுவரோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஈயமும் தங்கம் மாதிரிப் பாரம்," என்றார் சிவாஜினி அக்கா. "ஐஞ்சு துண்டு இருக்கு. எடுத்துத் தாருங்கோ. எனக்கு இதில ஒண்டும் தெரியாது, பாத்துப் படிக்க ஆசை."

"கோர்ட்டில கதைக்கிற பிள்ளைக்கு இப்ப தங்கத்தில கண் போகுது," என்றார் யோசெப் அண்ணை. முதலில் அவரே குந்தினார். சட்டியைச் சுழற்றினார், சரித்தார். மணல் தொட்டிக்குள் போனது, ஈயம் அடிவரியில் தங்கியது. ஒன்று தவறிவிட்டது. "நாலு. மற்றது மீனுக்கு."

றோசலின் ரீச்சர் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, ஆறுதலாக, ஐந்தையும் எடுத்தார்.

பேனாட் அங்கிள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டார். பங்குத் திருநாளுக்கு முந்நூறு பேருக்குச் சோறு சமைப்பவர் அவர். அந்தக் கைகளின் ஓட்டம் மற்ற இருவருக்கும் வராது. சட்டி பம்பரம் மாதிரிச் சுழன்றது. சரிக்கப் போனவர் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கீழ பிடிக்க ஒரு பேசின் இல்லையோ? எல்லாம் வழிஞ்சு போகப்போகுது."

நான் மேசைக்கு அடியில் இருந்த பேசினை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தொட்டிக்குள் வைத்து, ஒரு பருக்கை மணலும் சிந்தாமல் விளிம்பால் அதற்குள் வார்த்தார். பிறகு சட்டியைப் பார்த்தார். ஐந்து ஈயத்துண்டும் சட்டியில் கிடந்தன. பேசின் நிறைய வெறும் மணல்.

அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அரிசி அரிக்கேக்க எங்களுக்கு வேண்டியது வழியிறது," என்றார் சிவாஜினி அக்கா, விசாரணையில் பேசும் அதே குரலில். "கல் அடியில நிக்கும், அதை எறியிறம். தங்கத்துக்கு மறுவளம். வழியிறதை ஆறு கொண்டு போகட்டும், அடியில நிக்கிறதுதான் வேணும். ஒரு நாள் அரிச்ச ஆளும் பேசின் கேக்காது. அதனாலதான் யோசெப் அண்ணையும் ரீச்சரும் கேக்கேல்லை. முறைப்பாடு எழுதின ஆள் ஆத்தைக் காணேல்லை. ஆனா அரிக்கன்சட்டியை நல்லாத் தெரிஞ்ச ஆள். தன்ர குசினியில செய்யிறதை ஆத்தங்கரையில கண்டதா எழுதிப்போட்டார்."

"அப்ப பம்ப்?" என்றார் ரீச்சர்.

அக்கா சுவரைக் காட்டினார். அறிவிப்புப் பலகையில் அன்ரி தன் கையால் தமிழில் எழுதி ஒட்டிய விதிகள்: சம்மதக் கடிதம் கையில் இருக்கவேண்டும், மீன் முட்டையிடும் இடத்தில் இறங்கக்கூடாது, மோட்டார் கூடாது, தோண்டிய குழியை மூடவேண்டும். "எதைச் சொன்னா அலுவலகம் உடன எழும்பும் எண்டு அன்ரியே எழுதி வைச்சிருக்கிறா. அதில ஒண்டைத் தெரிஞ்செடுத்திருக்கினம்."

பேனாட் அங்கிள் ஈரக்கையோடு எழும்பினார். "உது ஒரு சாட்சியே? பேசின் கேட்டது குற்றமே?"

அன்ரி அப்போதுதான் வாய் திறந்தார். "பேனாட் அண்ணை, சாட்சியை விடுங்கோ. என்ர முகத்தைப் பாத்து நீங்கள் எழுதேல்லை எண்டு சொல்லுங்கோ. நான் போறன்."

அவர் பார்க்கவில்லை. குனிந்து சட்டியில் கிடந்த ஈயத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்.

"ஆறு வருசம்," என்றார் கடைசியில். "இடம் பாக்கிறது, சமைக்கிறது, பிள்ளையளைத் தேடி ஏத்துறது எல்லாம் நான். இந்த முறை என்ர சுற்றுலாப் பட்டியலில ஒன்பது பேர். உம்மட பட்டியலில ஐம்பத்திரண்டு. விசாரிச்சுப்போட்டு விடுவாங்கள், ஒருக்கால் உம்மட பயணம் நிண்டாக் காணும் எண்டுதான் நினைச்சனான். உம்மட பேர் கெடுமெண்டு நினைக்கேல்லை, அஞ்சலீனா."

"என்ர பேர் மட்டுமில்லை," என்றார் அன்ரி. "அந்த மனுசன் தன்ர ஆத்தை எங்களுக்குத் திறந்து விட்டது. இரண்டு வருசத்தில ஒரு குழியை நான் மூடாமல் வந்ததில்லை. ஒரு நாள் மழைக்க நிண்டு மற்றவன் தோண்டின குழியும் மூடினனான், எங்கட ஆக்கள் எண்டு சொல்லிப்போடுவாங்கள் எண்டு. அதை நீங்கள் ஒரு முத்திரை ஒட்டி அழிக்கப் பாத்தியள்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். ஐந்தடி உயரம்கூட இல்லாதவர். மண்டபத்தில் இருந்த எல்லாரையும்விட உயரமாகத் தெரிந்தார்.

பேனாட் அங்கிள் அங்கேயே மேசையில் இருந்து, தான் எழுதியது பொய், தான் மே 27 அன்று ஆற்றுப்பக்கமே போகவில்லை என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்திட்டார். அலுவலகத்துக்கு ஒன்று, கிளெயிம்காரருக்கு ஒன்று. அலுவலகம் கேட்டால் நேரே வந்தும் சொல்வதாகச் சொன்னார். யோசெப் அண்ணையும் ரீச்சரும் சாட்சிக் கையெழுத்து வைத்தார்கள்.

கிளெயிம்காரருக்கு அன்ரி உடனே தொலைபேசி எடுக்கச் சொன்னார். நான்தான் பேசினேன். இரண்டு வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தாள் கையில் கிடைத்ததும் சம்மதம் பழையபடி செல்லும், 24ஆம் திகதி தானும் ஆற்றங்கரைக்கு வருவேன், அந்தச் சட்டியைப் போல் ஒன்று தனக்கும் வேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அன்ரி கைப்பையைத் திறந்து மருந்துப் போத்தலை மேசையில் வைத்தார். இந்த முறை அதை யாரும் ஏற்கனவே பார்த்ததாகச் சொல்லவில்லை.

கதவடியில் நின்ற பேனாட் அங்கிளை அன்ரி கூப்பிட்டார்.

"சமைக்கிறது ஆரெண்டு நினைச்சியள்? பஸ்ஸுக்கு ஏழு மணிக்கு நில்லுங்கோ. சட்டியும் கொண்டு வாங்கோ. பேசின் வேண்டாம்."

முதலில் சிரித்தவர் றோசலின் ரீச்சர்.

படியேறும்போது நான் சிவாஜினி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீர் முக்கியமில்லை எண்டு விட்டதுதான் முழு வழக்கும்," என்றார். மேல்படிக்கு வந்ததும், "ஆனா மூண்டு பேரின்ர விபரமும் நான் கேக்க முதல் எழுதி வைச்சிருந்தீர்" என்றும் சொன்னார். இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

நாளை, வெள்ளி: எட்டரை மணிக்கு முன் அலுவலகத்தில் பதிலை நேரில் கொடுக்கவேண்டும். கையளித்ததற்கு முத்திரை வாங்கவேண்டும். கிளெயிம்காரரின் பிரதியைப் பதிவுத்தபாலில் போடவேண்டும். பிறகு அன்ரிக்காக முழுக் கடிதத்தையும் மறுபடி தமிழில் எழுதவேண்டும், ஒரு வசனமும் விடாமல்.