காலிப் படுக்கையின் படம்

படுக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் படத்தில் ஏதோ விழுந்திருந்தது.

நெவென்கா திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். லியூப்லியானா நகரின் நவம்பர் மூடுபனி நிலவறை ஆய்வகத்தின் மேல்சன்னல்களில் ஈரத்துணி போல ஒட்டிக்கிடந்தது. நோயாளியைப் படுக்க வைப்பதற்கு முன், உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவியின் வளையத்தை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது அங்கே வழக்கம். வளையத்தில் பதித்த படிகங்களுக்கே லேசான கதிர்வீச்சு உண்டு என்பதால், காலிப் படத்திலும் மணல் தூவியதுபோல் சீராகப் புள்ளிகள் விழும். இன்று படுக்கைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், அந்த மணல் உள்ளங்கை அகலத்துக்குத் திட்டாகக் கூடியிருந்தது.

"கழிச்சுடு தாயே," என்றான் சக ஆய்வாளன் இக்னாஸ். "நோயாளி படத்துலேருந்து கழிக்கத்தானே காலிப் படம் எடுக்கறோம்? இல்ல, இதுக்குப் பேர் வச்சு ஞானஸ்நானமும் பண்ணணுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் அங்கே படுக்கப் போகிறவன் அவள் கணவன் தாவோரின். கல்லீரலில் கட்டியை அறுத்தெடுத்து ஒரு வருடமாகிறது. பழைய இயந்திரம் காட்டிய சந்தேக நிழலை இந்தப் புது வளையம்தான் தீர்த்துச் சொல்ல வேண்டும். படம் சுத்தமென்றால் மருந்து ஏற்றுவதை இன்றோடு நிறுத்திவிடலாம்.

உடலுக்குள் ஒரே இடத்தில் பிறக்கும் இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிராக ஓடி வளையத்தில் மோதும். எது முந்தி வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று நுட்பமாக அளக்க அளக்க, அவை பிறந்த இடம் தெளியும். அந்த அளவைக் கூர்மையாக்குவதுதான் அவள் வேலை. திட்டு வெறும் இரைச்சல் என்றால், கூர்மை கூடும்போது கலைந்துவிடும். புது மின்சுற்றுப் பலகையை இணைத்து மறுபடி ஓட்டினாள். குளிர்விசிறிகள் முனகின. சூடேறிய தூசியின் நெடி மூக்கில் ஏறியது. திரையில் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது.

திட்டு கலையவில்லை. பிரிந்தது. வரிசையாக நான்கு புள்ளிகள். சற்றுத் தள்ளி, தாழ்வாக, இன்னொன்று.

"படிகம் கெட்டுப்போச்சோ?"

"ஒவ்வொண்ணா சோதிச்சுட்டேன். எல்லாம் நல்லா இருக்கு."

"அப்ப வேற நாளைக்குத் தள்ளிப் போடு."

"அடுத்த முறை ஜனவரிலதான். அதுவரைக்கும் அவன் தூங்கமாட்டான், இக்னாஸ்."

கழிப்பதற்கான கட்டளையை அவளே கொடுத்தாள்.

கதிரியக்கம் கலந்த சர்க்கரைக் கரைசலை ஊசியில் ஏற்றிக்கொண்டு தாவோரின் வந்து படுத்தான். படுக்கை வளையத்துக்குள் நகர்ந்தது. காலையில் வெறும் காற்றாக இருந்த இடத்தில் இப்போது அவன் வயிறு.

"நெவா, உள்ள ஜில்லுன்னு இருக்குடி."

"விசிறிக் காத்து. பேசாம படு."

படம் வந்தது. கல்லீரலில் ஒரு கறைகூட இல்லை. இக்னாஸ் மேசையில் தாளம் போட்டுவிட்டு, மருத்துவருக்குச் சொல்ல ஓடினான். போகிற போக்கில், "மாப்பிள்ளை, மேலெல்லாம் கதிர்வீச்சு! ராத்திரி வரைக்கும் பொண்டாட்டிய கட்டிப்பிடிக்கக் கூடாது!" என்று கத்தினான்.

தாவோரின் சட்டை போட்டுக்கொள்ளப் போனான். நெவென்கா காலி வளையத்தை இன்னொரு முறை ஓட்டினாள்.

சீரான மணல்.

அளவின் கூர்மையைக் கூட்டினாள். மணல்தான். எவ்வளவு கூர்மையாக்கியும் மணல்தான். திட்டு இல்லை. புள்ளிகள் இல்லை.

கழித்தது அவள். படத்திலிருந்து மட்டும்.

விசிறிகள் நின்றன. அறை முழுக்கக் காது அடைத்தாற்போல் அமைதி. தொலைபேசியை எடுத்தாள். மருத்துவரிடம் என்ன சொல்வது? எதைச் சொல்வது? ஆனாலும் எண்களை அழுத்தத் தொடங்கினாள்.

கதவு திறந்தது.

"இனிமே மருந்து வேண்டாமாம்! இக்னாஸ் இப்பத்தான் சொன்னான்!" தாவோரினின் கண்கள் நனைந்திருந்தன. "நீதான்டி என்னைக் காப்பாத்தினே."

"வேண்டாம், கிட்ட வராதே..."

"கதிர்வீச்சாவது மண்ணாவது!"

இறுக அணைத்துக்கொண்டான். ஒரு வருடமாக இல்லாத பலம் அந்தக் கைகளில். இரண்டும் அவள் முதுகில்தான் இருந்தன. இரண்டுமே.

அவன் சட்டைக்கு உள்ளிருந்து, தோலுக்கும் உள்ளிருந்து, அவள் வயிற்றில் ஒரு விரல்நுனி அழுந்தியது. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற மூன்றும்.

மெல்ல, தடவித் தடவி, இடம் பார்க்கத் தொடங்கின.