மத்தியானம் மூன்று மணிக்கு விடியும் அறை

கொட்டாவி விட்டது அவள் இல்லை.

அவள் வாய் தலையணையில் அழுந்தி மூடியிருந்தது. கண் மட்டும் பாதி திறந்திருந்தது. தலைமாட்டில் இருந்த விடியல் விளக்கு அப்போதுதான் அடுப்புத் தணல் அளவுக்குச் சிவக்கத் தொடங்கியிருந்தது. அலாரம் மூன்று மணிக்குத்தான், ஆனால் வெளிச்சம் இரண்டரைக்கே கிளம்பிவிடும். சிவப்பாகி, ஆரஞ்சாகி, மஞ்சளாகி, கடைசியில் அசல் காலை வெயிலாக அறையை நிறைக்கும். அந்தச் சிவப்பில்தான் கேட்டது. பீரோ பக்கமிருந்து, தாடை மெல்லத் திறந்து, நீளமாகக் காற்றை இழுத்து, 'ஹா...வ்' என்று விட்டு மூடிக்கொண்ட ஒரு கொட்டாவி. கொட்டாவி ஒட்டுவாரொட்டி ஆயிற்றே, அவளுக்கும் வந்தது. விட்டு முடித்த பிறகுதான் உடம்பு சில்லிட்டது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆறு வயது மகள் சிட்டு பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அவளுக்கு விமான நிலையத்தில் இராத்திரி வேலை. ஸ்கேனர் திரையில் ஓடும் பெட்டிகளின் நிழலைப் பார்த்து, உள்ளே இருப்பது சீப்பா கத்தியா என்று சொல்ல வேண்டும். காலையில் வந்து பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் படுத்தால், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். போன் அலாரத்தைத் தூக்கத்திலேயே தடவி அணைத்துவிடுவாள். அப்படி இரண்டு தடவை அசந்துவிட்டாள். இரண்டாவது தடவை சிட்டு ஐந்தரை மணி வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விஷயம் மாமியார் காதுக்குப் போனது.

"பெத்தா மட்டும் போதுமா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, பிள்ளையை நாங்க கூட்டிட்டுப் போயிடுவோம்."

கப்பலில் இருந்த கணவனும் அதற்கு ஆமாம் போட்டான். அன்றைக்குத்தான் தங்கை இந்த விளக்கை வாங்கிக் கொடுத்தாள். படுக்கையறைக்கு ஜன்னலே கிடையாது. வீடு பார்க்க வந்த அன்று, பகலில் தூங்குகிறவளுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. கட்டிய நாளிலிருந்து அந்த அறைக்குள் ஒரு விடியல்கூட நுழைந்ததில்லை.

தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"உன் சத்தமாத்தான் இருக்கும்க்கா. குறட்டை விடுறவளுக்குத் தன் குறட்டை தெரியுமா?"

"குறட்டை தெரியாதுடி. கொட்டாவி தெரியும்."

"தூக்கம் பத்தலன்னா இப்படித்தான். போய்ப் படு."

மறுநாள் சோம்பல் முறிக்கும் சத்தம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. துடைப்பம் வைத்தாலே பிதுங்கும். அங்கிருந்துதான் சொடக்கு விழுந்தது. நிதானமாக, ஒவ்வொரு விரலாக, நன்றாகத் தூங்கி எழுந்தவர் எடுக்கிற திருப்தியான சொடக்கு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து. பத்தோடு நிற்கும் என்று நினைத்தாள். பதினேழு வரை போனது. அலாரத்தின் குருவிச் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடினாள், முகம்கூடக் கழுவவில்லை.

மூன்றாம் நாள் தூங்கவே பயமாக இருந்தது. ஆனாலும் வேலை செய்த உடம்பு சொன்ன பேச்சு கேட்குமா? தூங்கிவிட்டாள். சிவப்பில் விழிப்பு வந்தபோது, வெகுநாள் பல் தேய்க்காத வாயின் புளித்த வாடை அறை முழுக்க இருந்தது. இடுக்கில் ஒன்றும் தெரியவில்லை.

ஆரஞ்சில் தெரிந்தது.

நிழல் பார்த்துப் பழகிய கண் தானாகவே பிரித்துப் படித்தது. பெட்டிக்குள் திணித்த துணி மாதிரி, மடித்து, அமுக்கி. இது முட்டி. இது முழங்கை. இது தோள். மேலே, வெளிச்சம் படும் இடத்தில், இரண்டு இமைகள். கூசுகிற மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏறினால் திறந்துவிடும்.

அறைந்து விளக்கை அணைத்தாள்.

இருட்டு. இப்போது புரிந்தது. விடிந்துவிட்டது என்று ஏமாந்து எழுந்தது அவள் மட்டும் இல்லை. அவள்தான் எழுப்பியிருக்கிறாள். தினமும், கொஞ்சம் கொஞ்சமாக.

நான்காம் நாள் விளக்கின் வயரைப் பிடுங்கினாள். படுக்கையறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். கூடத்து நாற்காலியில் காபியோடு உட்கார்ந்தாள். இன்றைக்குத் தூங்கினால் பிள்ளை போய்விடும், தூங்கக் கூடாது என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு மணி வரை தாக்குப் பிடித்தாள். ஒரு மணிக்குத் தண்ணீர் அடித்து முகம் கழுவினாள். கண்ணை ஒரு நிமிடம்தான் மூடினாள்.

திறந்தபோது மணி நாலு ஐம்பது.

படுக்கையறைத் தாழ்ப்பாள் விலகியிருந்தது. அதைப் பார்த்தும் நிற்கவில்லை. செருப்பில்லாமல் ஓடினாள். இரண்டு தெரு. பள்ளிக் கேட்டில் ஒருவரும் இல்லை, பூட்டோடு வாட்ச்மேன் மட்டும்.

"பிள்ளை... சிட்டு எங்கண்ணே?"

அவர் விசித்திரமாகப் பார்த்தார்.

"என்னம்மா கேக்குறீங்க? மூணரைக்கே வந்து கூட்டிட்டுப் போனீங்களே."

"நான் இப்பதாண்ணே வரேன்!"

"விளையாடாதீங்கம்மா. நைட்டிக்கு மேல துண்டைப் போத்திட்டு வந்தீங்க. கண்ணைக்கூடத் திறக்கல, அவ்ளோ தூக்கம். பாவம், பிள்ளைதான் உங்க கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்ட வச்சுக் கூட்டிட்டுப் போச்சு."

திரும்பி ஓடினாள். எப்படி ஓடினாள் என்று தெரியாது. வாசலில் சிட்டுவின் ஷூ. பக்கத்தில் ஈரமான காலடிகள். கூடத்தில் புத்தகப் பை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே சிட்டு சிரிக்கிறாள்.

பிடியைத் திருகினாள். கூடத்து வெளிச்சம் கட்டில் வரை கோடாக விழுந்தது. சிட்டு சுவரோரமாகப் படுத்திருந்தாள், யூனிஃபார்ம்கூட மாற்றாமல். பக்கத்தில் போர்வை தலைவரை மூடி, மேடாக, மெல்ல ஏறி இறங்கியது.

"சிட்டு. வாடா. அம்மாகிட்ட வா."

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. விரலை உதட்டில் வைத்தாள்.

"ஸ்ஸ்... சத்தம் போடாதீங்க ஆன்ட்டி. அம்மா தூங்குறாங்க."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவசரமே இல்லாமல் சிட்டுவைத் தன் பக்கம் இழுத்து அணைத்தது. சிட்டு அதன் மேல் காலைப் போட்டுக்கொண்டு, சுகமாகக் கண்ணை மூடினாள்.